ஓட்டமும் தடையும்: பொருநை கற்பிக்கும் நீரியல்

தமிழ் பயில்வோர்க்கு நீரியல் எதற்கு என்னும் வினா எழலாம். ஆறு, கால், மடை, மதகு, கலிங்கு, தூம்பு முதலிய சொற்கள் நம் இலக்கியங்களிலும் கல்வெட்டுகளிலும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றை அகராதியில் மட்டும் தேடினால் பொருள் விளங்கும்; தொழில் விளங்காது. எனவே, ஓடும் நீருக்கு நேரும் தடைகள் பற்றிக் குளிர்நாட்டு ஆய்வாளர் கண்டவற்றையும், நம் பொருநை எனும் தாமிரபரணி காட்டுவனவற்றையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓட்டத்தின் விதி

சரிவு நீரை முன்னே இழுக்கிறது. படுகையும் கரையும் உராய்ந்து அதனைப் பின்னே பிடிக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே நீரின் வேகத்தை முடிவு செய்கிறது. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த வாய்பாடு, ஆழம், சரிவு, சொரசொரப்பு ஆகிய மூன்றையும் கொண்டு இவ்வேகத்தைக் கணிக்க உதவுகிறது. வேகம் இரு மடங்கானால் நீரால் உருட்டத்தக்க கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது நீரியலார் கூறும் மற்றொரு விதி. வேகம் குறைந்தாலோ, ஆறு தன் சுமையை அங்கேயே இறக்கி வைத்துவிடும்.

பனிக்கட்டி மூடிய ஆறுகள்

கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்து ஆறுகள் உறைகின்றன. நம் நாட்டிலும் லடாக்கின் சன்ஸ்கார் ஆறு உறைந்து, மக்கள் நடந்து செல்லும் பாதையாகிறது. கொந்தளித்தோடும் நீர் உறைநிலைக்குச் சற்றே கீழே குளிரும்போது நுண்ணிய பனித்துகள்கள் தோன்றுகின்றன. அவை நீரேற்று நிலையங்களின் கம்பி வலைகளில் ஒட்டி, நீர்வழியையே அடைத்துவிடுகின்றன. மாண்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோவர்ட் பார்ன்ஸ், ஆறுகளில் பனிக்கட்டி உருவாவதை ஆராய்ந்து 1906-இல் நூலொன்று வெளியிட்டார்.

உறைந்த மேற்பரப்பு ஆற்றுக்கு ஒரு கூரையாகிறது. அடியில் மட்டும் உராய்ந்த நீர் இப்போது மேலும் கீழும் உராய்கிறது. அகன்ற ஆறொன்றில் கூரையும் அடிப்படுகையும் ஒத்த சொரசொரப்புடையனவாயின், முன்பு சென்ற அதே அளவு நீர் செல்வதற்கு ஆழம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர வேண்டும் என மானிங் வாய்பாடு காட்டும். பனிக்கட்டிகள் உடைந்து குறுகிய இடத்தில் குவிந்தால், மழையே இன்றியும் வெள்ளம் எழும்.

நம் பொருநையில் பனிக்கட்டி இல்லை. ஆயினும் தடைகள் உண்டு. அமலை என்றும் ஆகாயத் தாமரை என்றும் நம் மக்கள் கூறும் மிதக்கும் செடி, கால்வாயை மூடுகையில் பனிக்கூரையைப் போன்றே நீரைத் தடுக்கிறது. அதனினும் பெரிய தடை மணலும் வண்டலும் ஆகும்.

கொற்கையும் காயலும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் பொருநை, கடலை நெருங்குமிடத்தில் சரிவு குறைந்து வேகம் தளர்கிறது. அங்கே அது இறக்கிய சுமையே இக்கடற்கரையின் வரலாற்றை மாற்றியது. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளடங்கிய சிற்றூர். வண்டல் சேர்ந்து கடல் விலகவே வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயலில் தங்கியதைக் குறிப்பிடுகிறார். அரபு வணிகரும் தமிழரும் கலந்து வாழ்ந்த அத்துறைமுகமும் பின்னர்த் தூர்ந்தது. 1881-இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதி வெளியிட்ட கால்டுவெல், இவ்விரு துறைமுகங்களின் வீழ்ச்சிக்கும் ஆற்று வண்டலையே காரணமாகக் காட்டினார்.

அடுத்துச் சிறந்த தூத்துக்குடி, ஆற்று முகத்துக்கு வடக்கே விலகி அமைந்தது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தை, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு அலைதடுப்புச் சுவர்கள் காக்கின்றன.

ஒன்றை நாம் மறத்தலாகாது. கொற்கையின் கப்பல்களை விரட்டிய அதே வண்டல்தான் இன்று அங்கு நெல்லும் வாழையும் விளைவிக்கிறது. வண்டல் நன்மையா தீமையா என்பது அது தங்கும் இடத்தைப் பொறுத்தது.

அணையும் வெள்ளமும்

பொருநையின் எட்டு அணைக்கட்டுகளில் இறுதியானது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட திருவைகுண்டம் அணைக்கட்டு. இதன் வடகால் கொற்கைக் குளத்துக்கும், தென்கால் கடம்பாகுளத்துக்கும் நீர் தருகின்றன. அணை ஓட்டத்தைத் தடுப்பதால் வண்டலும் அங்கே தங்குகிறது. நீர் நிற்கவேண்டிய இடத்தில் மண் நிற்பதால், மழைக்காலத்து நீர் கடலுக்குச் செல்ல, கோடையில் வயல் வறள்கிறது. ஆற்று நீர் வரத்துக் குறையும்போது கடைமடை ஊர்களில் உவர்நீர் ஏறுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை அடுத்து 2015-இல் இங்குத் தூர்வாரும் பணி தொடங்கப்பெற்றது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கும் மேலாக மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, திருவைகுண்டம் தொடர்வண்டி நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணியர் சிக்கித் தவித்தனர். அத்தகைய பெருமழையை எந்த ஏற்பாடும் முற்றிலும் தாங்கிவிடாது. எனினும், தூர்ந்த காலும் அடைபட்ட மதகும் நீரின் உயரத்தை மேலும் கூட்டும் என்பதில் ஐயமில்லை. முன்னர்க் கண்ட விதி இங்கும் பொருந்தும்.

சொல்லும் செயலும்

இவ்விதிகளை நம் முன்னோர் கண்ணால் கண்டு பெயரிட்டுள்ளனர். ஓடும் நீர் மணலில் வரையும் அலைவரி அறல். நீர் குவித்த மணல்மேடு எக்கர். ஆற்றிடைத் திட்டு துருத்தி. ஆறு கடலொடு கலக்குமிடம் கயவாய். குளிர்நாட்டார் பனிக்கட்டியின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் வைத்திருப்பது போல, நாம் மணலின் ஒவ்வொரு நிலைக்கும் சொல் வைத்திருந்தோம். பாலை நிலமாகிய அரபு நாட்டைப் பாடவந்த உமறுப்புலவரும் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அதனை நீர்வளம் கொழிக்கும் தமிழ் மருதமாகவே காட்டினார். நீரைக் கொண்டே நாட்டை அளந்த மரபு நம்முடையது.

ஆயின், அச்சொற்களை அறிந்த மடைக்காரர்களும் மீனவப் பெரியோரும் அருகி வருகின்றனர். மாணவர்கள் விடுமுறை நாள்களில் தம் ஊர்க் குளத்தின் மதகு, கலிங்கு, வரத்துக்கால் ஆகியவற்றின் பெயர்களையும், அவை இயங்கும் முறையையும், வெள்ளம் ஏறிய அளவையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அது சொல்லாய்வுக்கும் உதவும். அடுத்த வெள்ளத்தில் எந்தக் கால் எங்கே அடைபடும் என அறிய முயலும் பொறியாளர்க்கும் உதவும். நீரை நிறுத்தக் கற்ற நாம், மண்ணைப் போகவிடவும் கற்றாலன்றிக் கொற்கைக்கு நேர்ந்தது நம் குளங்களுக்கும் நேரும்.