போன கண்ணி எங்கே?

மும்பை தாராவியில் 90 அடிச் சாலை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் ஒரே அறை உள்ள வீடு. அங்கே ஓர் அம்மா இருந்தார். அவருடைய தாயும் தந்தையும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தாராவியில் துணி தைக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. தைத்த துணியில் நூல்கள் தொங்கும். அவற்றை வெட்ட வேண்டும். பொத்தான் வைக்க வேண்டும். இந்த வேலையைப் பல பெண்கள் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். நூல் வெட்டும் வேலையை அங்கே 'தாகா கட்டிங்' என்பார்கள். ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த அம்மாவும் இந்த வேலைதான் செய்தார்.

அம்மாவின் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. சயான் மருத்துவமனையில் பெயர் பதிந்திருந்தார்கள். குழந்தைக்கு என்னென்ன வேண்டும் என்று நர்சம்மா சொன்னார். அம்மா எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். தம் நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

மெல்லிய பருத்தித் துணி.
காலுறை.
தொப்பி.

'தொப்பி' என்று எழுதியதும் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "இந்த வெக்கையில் தொப்பி எதுக்கு?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான்.

வெயில் ஊரில் தொப்பி எதற்கு?

தாயின் வயிற்றுக்குள் ஏறக்குறைய 37 டிகிரி வெப்பம் இருக்கும். குழந்தை அங்கிருந்து ஈர உடம்போடு வெளியே வருகிறது. ஈரம் காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பெரியவர்களுக்கு இதமாக இருக்கும் அறைகூடப் பிறந்த குழந்தைக்குக் குளிரும்.

குழந்தையின் உடம்பைப் பார்க்க, அதன் தலை பெரியது. ஆகவே தலை வழியாக நிறையச் சூடு போய்விடும். பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரி முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் அது எடை குறைந்த குழந்தை. அதன் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. அது சீக்கிரம் குளிர்ந்துவிடும். உடம்பு மிகவும் குளிர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இத்தகைய குழந்தைகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து அணைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். தாயின் சூடு குழந்தைக்குப் போகும். இதைக் 'கங்காரு முறை' என்பார்கள். 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இது தொடங்கியது. அங்கே குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகள் போதவில்லை. அதனால் தாய்மாரின் மார்பே பெட்டி ஆயிற்று. எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது. அப்போது குழந்தைக்கு இடுப்புத்துணியும், காலுறையும், தலையில் தொப்பியும் இருக்கும்.

சயான் மருத்துவமனை தாராவிக்கு அருகிலேயே உள்ளது. குறைமாதக் குழந்தைகளைக் காப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் அங்கே தாய்ப்பால் வங்கி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி என்று அதைச் சொல்கிறார்கள். சிறு குழந்தைக்குத் தாய்ப்பாலும் வேண்டும், சூடும் வேண்டும்.

சீதா, உல்டா

கடையில் தொப்பி வாங்கலாம். ஆனால் அம்மாவுக்குத் தம் கையால் பின்ன ஆசை. பக்கத்து வீட்டில் உத்தரப் பிரதேசத்துக் குடும்பம் இருந்தது. அந்த ஊரில் குளிர் அதிகம். கம்பளி நூல் பின்னுவது அங்கே பல பெண்களுக்குக் கைவந்த கலை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மா 'பாபி' என்று அழைப்பார். பாபி அம்மாவை 'அக்கா' என்று அழைப்பார். இருவரும் இந்தியும் தமிழும் கலந்து பேசிக்கொள்வார்கள்.

பாபி சொல்லிக் கொடுத்தார். பின்னும் நீண்ட ஊசிக்கு 'சலாய்' என்று பெயர். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. நேராகப் பின்னுவது 'சீதா'. எதிராகப் பின்னுவது 'உல்டா'. ஒரு வரிசை சீதா, அடுத்த வரிசை உல்டா. இப்படிப் பின்னினால் ஒரு பக்கம் வழுவழுப்பாக வரும்.

"நூலைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்க அக்கா. குத்தினா வேண்டாம்" என்றார் பாபி. முடி முடியாகச் சிலிர்த்து நிற்கும் நூலும் வேண்டாம். அது குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போகும். அம்மா மெல்லிய பருத்தி நூல் வாங்கினார். 8ஆம் எண் ஊசி வாங்கினார். அது 4 மில்லிமீட்டர் கனம்.

நிறைமாதக் குழந்தையின் தொப்பிக்குப் பாபி சொன்ன கணக்கு இது:

1. முதலில் 72 கண்ணி போடவும்.
2. ஒரு சீதா, ஒரு உல்டா என்று மாற்றி மாற்றி 8 வரிசை பின்னவும். இது இழுபடும் விளிம்பு.
3. பிறகு ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா. 28ஆம் வரிசை வரை இப்படியே.
4. 29ஆம் வரிசையில் 6 கண்ணி பின்னவும். அடுத்த 2 கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னவும். இப்படி 9 முறை செய்யவும். இப்போது 63 கண்ணி இருக்கும்.
5. அடுத்த வரிசை முழுவதும் உல்டா.
6. அடுத்து 5 பின்னி 2 சேர்க்கவும். பிறகு 4 பின்னி 2 சேர்க்கவும். இப்படிக் குறைத்துக்கொண்டே போகவும். நடுவில் ஒவ்வொரு வரிசை உல்டா வரும்.
7. கடைசியில் 41ஆம் வரிசையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9 கண்ணி நிற்கும். நூலை வெட்டி, அந்த 9 கண்ணிக்குள்ளும் கோத்து இறுக்கவும். பக்கத்தைச் சேர்த்துத் தைக்கவும்.

அம்மா நோட்டில் எண்களை எழுதிப் பார்த்தார்.

72, 63, 54, 45, 36, 27, 18, 9.

அவர் முகம் மலர்ந்தது. "இது ஒன்பதாம் வாய்பாடு!" என்றார். ஒன்பதாம் வாய்பாட்டைக் கீழிருந்து மேலே எழுதினால் ஒரு தொப்பி!

ஒரு கண்ணி குறைந்தது

அம்மா நாலு வரிசைக்கு ஒரு முறை கண்ணிகளை எண்ணினார். எண்ணியதை நோட்டில் எழுதினார். 20ஆம் வரிசை, 72. 24ஆம் வரிசை, 72.

அன்று பட்டறையிலிருந்து ஒரு மூட்டைத் துணி வந்தது. மாலைக்குள் முடித்துத் தர வேண்டும். அம்மா இடையிடையே பின்னினார். 28ஆம் வரிசையில் எண்ண மறந்தார்.

29ஆம் வரிசை. 6 பின்னி 2 சேர்த்தார். எட்டுக் கூறு சரியாக வந்தது. ஒன்பதாவது கூறில் எட்டுக் கண்ணி இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு கூட்டிப் போட்டுரும்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

அம்மாவுக்கும் அந்த எண்ணம் வந்தது. ஒன்று கூட்டினால் கணக்குச் சரியாகிவிடும். வேலை அன்றே முடியும். ஆனாலும் பாபியிடம் காட்டினார்.

பாபி ஒன்றே ஒன்று கேட்டார். "போன கண்ணி எங்கே போச்சு அக்கா?"

இருவரும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்கள். 24ஆம் வரிசையில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவிக் கிடந்தது. வாய் திறந்த சின்ன வளையம். இழுத்தால் அது கீழே கீழே அவிழும். ஏணி போல ஓட்டை விழும். குழந்தையின் விரல் அதில் மாட்டும். துவைக்கத் துவைக்கத் தொப்பியே கிழியும்.

அம்மாவுக்குப் புரிந்தது. மேலே ஒரு கண்ணியைக் கூட்டினால் எண் மட்டும்தான் சரியாகும். கீழே உள்ள ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

பாபி குரோஷா ஊசியால் அந்தக் கண்ணியைப் பிடித்து மேலே ஏற்றிப் பார்த்தார். இடம் சுருங்கி இழுத்தது. நாலு வரிசையாக அந்தக் கண்ணிக்கு நூலே செலவாகவில்லை. ஆகவே இறுக்கமாயிற்று. இனி அவிழ்ப்பதுதான் வழி.

எதுவரை அவிழ்ப்பது? நோட்டு சொன்னது. 24ஆம் வரிசையில் 72 சரியாக இருந்தது. ஆகவே அதுவரை அவிழ்த்தால் போதும். முழுத் தொப்பியையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

அம்மா அவிழ்த்தார். ஏறக்குறைய 350 கண்ணி போயிற்று. மனசு வலித்தது. ஆனால் நூல் போகவில்லை. கண்ணிகளை முறுக்காமல் ஊசியில் ஏற்றினார். எண்ணினார். 72. மறுநாள் மாலைக்குள் மறுபடி 29ஆம் வரிசைக்கு வந்துவிட்டார்.

பிழையும் திருத்தமும்

இப்போதுதான் நழுவிய கண்ணி: உடனே நிறுத்தவும். துணியை இழுக்க வேண்டாம். நழுவிய கண்ணியில் ஊக்கு மாட்டி வைக்கவும். வழுவழுப்பான பக்கத்திலிருந்து குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விடவும். பின்னால் குறுக்கே கிடக்கும் நூலைப் பிடித்துக் கண்ணி வழியாக இழுக்கவும். ஏணிப்படி ஏறுவது போல ஒவ்வொரு படியாக ஏற்றவும்.

கூடுதல் கண்ணி: பெரும்பாலும் நூல் தவறி ஊசியின் மேல் சுற்றியதால் வரும். அந்த இடத்தில் ஓட்டை தெரியும். வரிசையின் முதல் கண்ணியை இரண்டாக எண்ணிப் பின்னினாலும் கூடும். எங்கே கூடியது என்று கண்டுபிடித்து, அதுவரை பின்வாங்கவும்.

சில கண்ணிகள் மட்டும் பின்வாங்க: வலது ஊசியில் உள்ள கண்ணிக்கு நேர் கீழே இடது ஊசியை நுழைக்கவும். மேல் கண்ணியை விட்டுவிட்டு நூலை மெதுவாக இழுக்கவும். ஒவ்வொன்றாகச் செய்யவும்.

காவல் நூல்: வேறு நிற நூலைத் தையல் ஊசியில் கோக்கவும். சரியாக வந்த ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிக்குள்ளும் அதை விட்டு வைக்கவும். பின்னால் பிழை வந்தாலும் அவிழ்வது அங்கே நின்றுவிடும். வேலை முடிந்ததும் உருவிவிடலாம். அம்மா இரண்டாம் முறை 28ஆம் வரிசையில் காவல் நூல் போட்டார்.

சுருண்ட நூல்: அவிழ்த்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றவும். இரண்டு இடத்தில் கட்டவும். கழற்றி, நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தவும். நூல் நேராகிவிடும்.

எல்லாப் பிழைக்கும் அவிழ்க்க வேண்டியதில்லை. சீதா வர வேண்டிய இடத்தில் ஒரு உல்டா வந்தால் கண்ணுக்குச் சற்று உறுத்தும். குழந்தைக்குக் கெடுதல் இல்லை. நழுவிய கண்ணியையும் தொங்கும் நூலையும் மட்டும் விடவே கூடாது.

உள்பக்கம் பாருங்கள்

தொப்பியின் உள்ளேயும், கையுறை, காலுறை உள்ளேயும் நூல் முனை தொங்கக் கூடாது. தொங்கும் நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும். இறுகினால் இரத்தம் ஓடாது. விரல் வீங்கிக் கறுக்கும். விரலையே இழக்க நேரலாம். காரணம் தெரியாமல் குழந்தை ஓயாமல் அழுதால் கைவிரல், கால்விரல்களைப் பாருங்கள். நூலோ முடியோ சுற்றியிருந்தால் உடனே எடுக்க வேண்டும். எடுக்க வரவில்லை என்றாலும், விரல் வீங்கி நிறம் மாறியிருந்தாலும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

நூல் முனையை ஊசியில் கோத்து, உள்பக்கக் கண்ணிகளுக்குள் ஒரு பக்கம் செலுத்துங்கள். திருப்பி மறுபக்கமும் செலுத்துங்கள். பிறகு ஒட்ட வெட்டுங்கள். மணி, பொத்தான், நாடா எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்த நல்ல எடையுள்ள குழந்தைக்கு எந்நேரமும் தொப்பி தேவையில்லை. கழுத்துப் பின்புறம் வியர்த்தால் கழற்றிவிடுங்கள். தூங்க வைக்கும்போதும் கழற்றுங்கள். எடை குறைந்த குழந்தைக்கு மருத்துவரோ நர்சோ சொல்வதுபோலச் செய்யுங்கள்.

நர்சம்மா பார்த்தார்

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. எடை 2,300 கிராம். சற்றுக் குறைவுதான். தாயின் மார்போடு அணைத்துக் கட்டினார்கள்.

அம்மா துவைத்து உலர்த்திய தொப்பியை நீட்டினார். நர்சம்மா அதன் வெளிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. உடனே உள்பக்கமாகத் திருப்பினார். விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சரியா இருக்கு. போடுங்க" என்றார்.

தொப்பி கொஞ்சம் பெரிதாக இருந்தது. அம்மா விளிம்பை ஒரு மடி மடித்துவிட்டார்.

சேர்ந்து பேசுவோம்

1. மகள் சொன்னபடி ஒரு கண்ணியைக் கூட்டியிருந்தால் பின்னால் என்ன நடந்திருக்கும்?
2. முழுத் தொப்பியையும் அவிழ்க்காமல் நோட்டு எப்படிக் காப்பாற்றியது?
3. உங்கள் வேலையில் கணக்கு மட்டும் சரியாகி, பிழை அப்படியே நின்றது உண்டா? சொல்லுங்கள்.

செய்து பார்ப்போம்

1. விடுபட்ட எண்களை எழுதுங்கள்: 72, 63, __, 45, __, 27, __, 9.
2. 5 பின்னி 2 சேர்க்கும் வரிசை முடிந்தது. ஊசியில் 53 கண்ணி இருக்கிறது. எத்தனை இருக்க வேண்டும்? எத்தனை குறைகிறது?
3. ஒரு தொப்பிக்கு நூல் என்ன விலை? பின்ன எத்தனை மணி நேரம்? உங்கள் நோட்டில் எழுதுங்கள். விற்பதானால் என்ன விலை வைப்பீர்கள்?