மணல்மேட்டை நிரவலாமா?

கேள்வி: சாமியார்பேட்டைப் பக்கம் கடலோரமாக வீடு கட்டியிருக்கிறோம். மனை முழுக்க மணல். இரண்டு முறை புல்தரை போட்டும் கோடையில் கருகிவிட்டது. கிழக்கே உள்ள மணல்மேட்டை நிரவி, செம்மண் அடித்து, பாலைவனச் செடிகள் வைக்கச் சொல்கிறார் நர்சரிக்காரர். செய்யலாமா ஐயா?
– ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: மேட்டில் மட்டும் கை வைக்காதீர்கள் அம்மா. 2004 சுனாமியையும் 2011 டிசம்பரில் தானே புயலையும் கண்ட கரை அது. கடல் சீறினால் வீட்டுக்கு முன்னால் நிற்பது அந்த மேடுதான்.

உங்கள் ஊர் பாலைவனமும் இல்லை. ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மணலில் அது தங்குவதில்லை. மிச்ச மாதங்களுக்கு வெயிலும் உப்புக்காற்றும்தான். இதற்கென்றே பிறந்த செடிகள் உங்கள் கரையிலேயே இருக்கின்றன.

முதலில் இராவணன் மீசை. ஊசிபோல் விறைத்த இலையுள்ள புல். காற்று மணலை மேலே போட்டாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டு எழுந்து வரும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் கதிர் முள்பந்தாக முற்றிக் கழன்று கரையெல்லாம் உருண்டோடும். கையில் எடுத்தால் சுருக்கென்று குத்தும். அதனால் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு வேண்டாம், மேட்டின் கடல் பக்கத்தில் வையுங்கள். கூடவே அடும்பு. நெய்தல் பாடல்களில் பூக்கும் அதே அடும்புதான். ஆட்டுக் குளம்புபோல் பிளந்த இலை, ஊதாப் பூ. முழ நீளக் கொடியில் இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்தால் பிடித்துக்கொள்ளும். கரையிலிருந்து வாரி வராதீர்கள், நாலைந்து துண்டு போதும்.

வீட்டோரத்துக்கு வெட்டிவேர். கடலூர் நொச்சிக்காட்டில் மணலில்தான் பயிர் செய்கிறார்கள். மணலானால் தோண்டும்போது வேர் அறாமல் வரும். நீங்கள் வைப்பது மண்ணைப் பிடிக்க, ஆகவே தோண்டக் கூடாது. சரிவுக்குக் குறுக்கே, சாண் இடைவெளியில் நாற்றை வரிசையாக நடுங்கள். நிழலுக்குப் புன்னை.

புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழையே வேர் பிடிக்கவைத்துவிடும். வெட்டிவேருக்கும் புன்னைக்கும் முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இடையில் வேலிக்கருவை தலைகாட்டினால் கன்றிலேயே பிடுங்கிவிடுங்கள்.

கடலுக்குப் போக மேட்டின் மேல் ஒரே ஒரு தடம் வைத்துக்கொள்ளுங்கள். கொடி மிதிபட்ட இடத்தில்தான் காற்று முதலில் மணலை அள்ளும்.