தனித்து இயங்கும் வேளாண் ஆலோசகருக்கு வேண்டிய பண்புகள்

வேளாண்மைப் பட்டமோ பட்டயமோ பெற்ற எல்லோருக்கும் அரசுப் பணி கிடைத்துவிடுவதில்லை. இவர்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கட்டணம் பெற்று ஆலோசனை கூறுவதையே இவர்கள் தங்கள் வட்டாரத்தில் தொழிலாக மேற்கொள்ளலாம். இத்தகையோருக்குப் பயிற்சியும் கடனுதவியும் அளிக்கும் நோக்குடன் மத்திய அரசு, நபார்டு வங்கியின் துணையோடு, 2002ஆம் ஆண்டில் வேளாண் மருத்துவ மையத் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சியும் கடனும் தொழிலைத் தொடங்க உதவும். அதில் நிலைத்து நிற்பதற்குக் கீழ்க்கண்ட பண்புகள் அவசியம்.

1. நேரில் பார்த்துச் சொல்லும் பழக்கம்

உழவர் மஞ்சளித்த இலை ஒன்றைக் கொண்டுவந்து காட்டியவுடன் மருந்து எழுதித் தரக்கூடாது. முதிர்ந்த இலைகள் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளம் இலைகள் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வடிகால் இன்றி வேர் அழுகினாலும் பயிர் மஞ்சளிக்கும். ஆகவே வயலில் இறங்கி வேரையும் மண்ணையும் நீரையும் பார்த்த பின்னரே பரிந்துரைக்க வேண்டும்.

2. "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு

நெல்லில் புகையான் தென்பட்டதும் மருந்தடிக்க உழவர் அவசரப்படுவார். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவை எட்டினால்தான் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அதுவரை வயலின் நீரை வடித்து, தழைச்சத்து உரத்தை நிறுத்தி வைத்தால் போதும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால் புகையான் மேலும் பெருகும். மருந்துக் கடையில் கமிஷன் பெறுபவருக்கு இவ்வாறு சொல்ல மனம் வராது. ஆகவே ஆலோசகரின் வருமானம் ஆலோசனைக் கட்டணமாக மட்டுமே இருப்பது நலம்.

3. தெரியாததை ஒப்புக்கொள்ளும் நேர்மை

ஐயம் ஏற்பட்டால் ஊகித்துச் சொல்லாமல், மாதிரியை மண் ஆய்வுக் கூடத்திற்கோ வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ அனுப்ப வேண்டும். ஊகம் தவறினால் ஒரு போகமே போய்விடும்.

4. குறிப்பும் கணக்கும்

ஒவ்வோர் உழவருக்கும் தனிக் குறிப்பேடு வைத்து, பயிரிட்ட இரகம், விதைத்த நாள், மண் ஆய்வு முடிவு, கூறிய ஆலோசனை, கண்ட பலன் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். எந்தப் பரிந்துரைக்கும் ஏக்கருக்கு ஆகும் செலவையும் கிடைக்கும் கூடுதல் வரவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

5. நேரந்தவறாமையும் பொறுமையும்

மேலதிகாரி இல்லாத தொழில் இது. தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ள வேண்டும். காலையில் வருவதாகச் சொன்னவர் மாலையில் போனால் நம்பிக்கை போய்விடும். மாதச் சம்பளமும் கிடையாது. இரண்டு போகத்திற்காவது வீட்டுச் செலவைத் தாங்கும் ஏற்பாட்டுடன் இறங்குவது நல்லது. ஏக்கருக்கு இவ்வளவு, இத்தனை முறை வயல் பார்வை என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் பின்னர் மனத்தாங்கல் வராது.

உழவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மருந்துப் புட்டிக்குத் தயங்காமல் பணம் தருகிறோம். மருந்து வேண்டாம் என்று சொல்லி அப்பணத்தை மிச்சப்படுத்தியவருக்குத் தரத் தயங்குகிறோம். அந்தச் சொல்லுக்கும் உரிய கூலி கொடுத்தால்தான் நேர்மையான ஆலோசகர் நம் ஊரில் நிலைப்பார்.