டேப்லெட்டே கார் டாஷ்போர்டு: சார்ஜ் தீராமல் பயன்படுத்துவது எப்படி?

புதிதாக வரும் கார்களில் வரைபடம், வேகம், பாட்டு எல்லாமே பெரிய தொடுதிரையில் தெரிகிறது. கொஞ்சம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் என்ன, பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்திய டேப்லெட் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, அதை மாட்டிக்கொள்ளலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சென்னையில் முழு சார்ஜோடு கிளம்பிய டேப்லெட், மதுரை போய்ச் சேருவதற்குள் அணைந்துவிடுகிறது. "சார்ஜர் போட்டுத்தானே வந்தேன், ஏறவே மாட்டேங்குதே!" என்பது வழக்கமான புலம்பல்.

டேப்லெட் அணைந்தால் வழி கேட்டுப் போய்விடலாம். அதற்கு ஹாட்ஸ்பாட் கொடுத்த செல்போனும் சேர்ந்து தீர்ந்துவிட்டால்தான் சிக்கல். டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி., ஓட்டுநர் உரிமம் எதையும் காட்ட முடியாது. அவசரத்துக்கு 108-ஐக்கூட அழைக்க முடியாது. கிளம்புவதற்கு முன் செய்யும் சின்னச் சின்ன ஏற்பாடுகளே இதைத் தவிர்க்கும்.

சார்ஜ் எங்கே போகிறது?

முதல் செலவு, திரை. பகல் வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்று முழு வெளிச்சத்தில் வைக்கிறோம். அடுத்தது, ஓயாமல் இயங்கும் ஜிபிஎஸ்ஸும் வரைபடமும். மூன்றாவது, இணைய இணைப்பு. டவர் சிக்னல் குறைவான இடங்களில் இந்தச் செலவு இன்னும் கூடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 7,000 எம்ஏஹெச் பேட்டரியில் சுமார் 27 வாட்-மணி மின்சாரம் இருக்கும். டேப்லெட் மணிக்கு 6 வாட்-மணி செலவழிப்பதாக வைத்துக்கொண்டால், நாலரை மணி நேரத்தில் காலி. கார் ஸ்டீரியோவில் இருக்கும் சாதாரண யூஎஸ்பி துளை பெரும்பாலும் பாட்டு கேட்பதற்காக வைக்கப்பட்டது. 5 வோல்ட், அரை ஆம்பியர் என்றால் அது தருவது வெறும் 2.5 வாட். வரவு இரண்டரை, செலவு ஆறு. சார்ஜர் போட்டிருந்தும் சார்ஜ் இறங்குவதன் ரகசியம் இதுதான்.

சார்ஜரை மாற்றுங்கள்

• 12 வோல்ட் சாக்கெட்டில், அதாவது சிகரெட் லைட்டர் துளையில், செருகும் கார் சார்ஜர் வாங்குங்கள். 18 வாட் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும்.

• டேப்லெட், செல்போன் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு துளை உள்ளதாக வாங்கினால் நல்லது. இரண்டையும் ஒன்றாகச் செருகும்போது ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் கிடைக்கும் என்று அட்டையில் பாருங்கள்.

• கேபிளும் முக்கியம். மெல்லிய, நீளமான, மலிவான கேபிளில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும்.

• சில கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் இந்த சாக்கெட்டில் மின்சாரம் வரும். இறங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கார் பேட்டரியும் மெல்ல மெல்ல இறங்கும்.

செலவைக் குறையுங்கள்

• முந்தைய நாளே வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, போகும் வழிக்கான ஆஃப்லைன் வரைபடத்தைப் பதிவிறக்குங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சிக்னலில் இயங்குவது. அதற்கு இணையம் வேண்டியதில்லை. நெரிசல் விவரத்துக்கு இணையம் தேவைப்படும்.

• டேப்லெட்டில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிம் போட முடியாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் கிடையாது. அப்படியென்றால் வழிகாட்டலுக்கு செல்போனே சரி.

• நெடுஞ்சாலையில் நேராக 50 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறதா? வழிகாட்டலைத் தொடங்கிவிட்டுத் திரையை அணைத்துவிடுங்கள். திருப்பம் வரும்போது குரல் சொல்லும். தமிழிலும் கேட்கலாம். அதிக மிச்சம் தருவது இந்த ஒரு வழிதான்.

• பின்னணியில் ஓடும் மற்ற செயலிகளை மூடுங்கள். ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் இரண்டையும் பயணம் முடியும்வரை நிறுத்திவையுங்கள்.

வெயில்தான் பெரிய எதிரி

ஐபேடுகளை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தலாம் என்கிறது ஆப்பிள் நிறுவனம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். கண்ணாடிக்குக் கீழே வெயில் நேராக விழும் இடத்தைச் சொல்லவே வேண்டாம். சூடு கூடினால் டேப்லெட் தன்னைக் காத்துக்கொள்ளத் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தும். எத்தனை வாட் சார்ஜர் போட்டாலும் அப்போது பயன் இல்லை.

கண்ணாடியை ஒட்டி வைக்காமல், ஏசி காற்று படும் இடத்தில் பொருத்துங்கள். தடிமனான கவரைக் கழற்றிவிடுங்கள். சூடானால் ஓரமாக நிறுத்தி, அணைத்து, நிழலில் ஆறவிடுங்கள். ஐஸ் மேலோ ஃபிரிட்ஜிலோ வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். காரை நிறுத்திவிட்டுப் போகும்போது டேப்லெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பின்பக்கம் உப்பியிருப்பது தெரிந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு சார்ஜ் போடவே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

இன்ஜின் விவரமும் திரையில் வேண்டுமா?

காரின் ஓபிடி துளையில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்று கிடைக்கிறது. இன்ஜின் வெப்பம், ஆர்.பி.எம்., கோளாறு எண் ஆகியவற்றை அது டேப்லெட்டுக்கு அனுப்பும். புளூடூத்துக்கு ஆகும் சார்ஜ் மிகக் குறைவு. ஆனால் கார் நிற்கும்போதும் இந்தக் கருவி கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும். காரை நாள்கணக்கில் எடுக்க மாட்டீர்கள் என்றால் கழற்றிவையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகனம் ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவிகளை, வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில்தான் பயன்படுத்தலாம் என்கிறது 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம். கவனம் சிதறும்படி பயன்படுத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு பாயும். அதற்குச் சிறை, அபராதம் இரண்டுமே உண்டு. எனவே போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே பதிவிடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் காரை ஓரங்கட்டுங்கள். ஓட்டுநர் பார்க்கும்படி வீடியோ ஓடவே கூடாது.

டேப்லெட் சாலையை மறைக்கக் கூடாது. 'ஏர்பேக்' என்று எழுதியிருக்கும் இடத்தின் மேலோ, அது விரியும் பாதையிலோ பொருத்தவும் கூடாது. விபத்தில் ஏர்பேக் விரிந்தால் அந்த டேப்லெட்டே முகத்தில் வந்து மோதும்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

1. டேப்லெட், செல்போன் இரண்டிலும் முழு சார்ஜ் இருக்கிறதா?
2. ஆஃப்லைன் வரைபடம் பதிவிறங்கிவிட்டதா?
3. டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி., காப்பீடு, உரிமம் திறக்கிறதா? இவற்றில் காட்டும் மின்னணு ஆவணங்கள் சட்டப்படி செல்லும்.
4. செல்போனில் சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா?
5. அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033. மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி காரில் வைத்துவிட்டீர்களா?

டேப்லெட் இருப்பது வசதிக்கு. செல்போன் இருப்பது பாதுகாப்புக்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் சார்ஜர் என்ற நிலை வந்தால், யோசிக்காமல் செல்போனில் செருகுங்கள்.