உப்புக்கு ஒரு வாசல்



ஓயாத இருமல், அடிக்கடி நெஞ்சுச்சளி, நன்றாகச் சாப்பிட்டும் தேறாத உடல். இப்படிப்பட்ட குழந்தையைக் கண்டால் காசநோய் என்றோ சத்துக்குறைவு என்றோதான் முதலில் நினைப்போம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் சில குழந்தைகளுக்குக் காரணம் வேறு. முத்தமிடும் தாயின் உதட்டில் உப்புக் கரிப்பது அதன் ஓர் அடையாளம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் அந்த நோயைப் பற்றி இம்முறை படிப்போம்.

செல்லின் வாசல்

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு சூழ்ந்திருக்கிறது. உப்பால் அதைத் தானாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்துள்ள புரதங்களே அதற்கு வாசல்கள். அவற்றில் ஒன்று சி.எஃப்.டி.ஆர். என்னும் புரதம். 1480 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. உப்பின் ஒரு பகுதியாகிய குளோரைடு அதன் வழியாகச் செல்கிறது. மூச்சுக்குழாயில் குளோரைடு செல்லைவிட்டு வெளியே வரும்போது தண்ணீரும் கூடவே வருகிறது. அதனால் சளி இளகியிருக்கிறது. செல்களின் மேலுள்ள நுண்ணிய மயிரிழைகள் கிருமிகளைச் சளியோடு பெருக்கித் தள்ளிவிடுகின்றன.

வாசல் பழுதானால்

சளி பசைபோல் இறுகுகிறது. அதில் கிருமிகள் குடியேறி, நுரையீரலைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. கணையக் குழாய்கள் அடைபடுவதால் செரிமான நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. உண்ட கொழுப்பு மலத்தோடு போய்விடுகிறது.

வியர்வைச் சுரப்பியில் இதே வாசலின் வேலை நேர் எதிரானது. வெளியேறும் வியர்வையிலிருந்து உப்பை உடலுக்குள் திரும்ப எடுக்க வேண்டும். அது நடக்காததால் வியர்வை அதிகமாகக் கரிக்கிறது. 1948-ல் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது, சோர்ந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலர் இந்நோய் உள்ளவர்கள். டாக்டர் டி சான்ட்டாக்னீஸ் அவர்களின் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953-ல் எடுத்துக்காட்டினார். இன்றும் இந்நோயைக் கண்டறிய வியர்வைப் பரிசோதனையே முக்கியம்.

யார் குற்றம்?

டொரண்டோவில் லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன், மிச்சிகனில் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1989-ல் இதன் மரபணுவை 7-ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தன. காலின்ஸ் தம் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கை செய்கிற விஞ்ஞானி. உலகில் மிகுதியாகக் காணப்படும் பழுதில், 508-ஆவது அமினோ அமிலம் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. அதனால் புரதம் சரியாக மடிவதில்லை. சவ்வை அடையுமுன் செல்லே அதை அழித்துவிடுகிறது. வேறு சில பழுதுகளில் வாசல் தன் இடத்துக்கு வந்தும் திறப்பதில்லை.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் நோய் உண்டாகும். இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. எனவே தாயை மட்டும் குறைசொல்ல இடமில்லை. வீட்டாரின் பழிச்சொல்லைச் சுமக்கிற பெண்ணுக்கு இந்த விளக்கமே ஒரு மருந்து.

நாம் செய்யக்கூடியது

திறக்காத வாசலைத் திறக்க உதவும் ஐவகாஃப்டர் மாத்திரைக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புரதத்தைச் சரியாக மடியவைக்கும் மருந்துகளும் சேர்ந்த மும்மருந்துக் கூட்டுக்கு 2019-ல் அனுமதி கிடைத்தது. எல்லாப் பழுதுகளுக்கும் இவை பலிப்பதில்லை. விலையோ ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது.

அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உணவோடு நொதி மாத்திரை, வைட்டமின்கள், நெஞ்சைத் தட்டிச் சளியை வெளியேற்றும் பயிற்சி, தொற்று வந்தவுடன் ஆன்டிபயாடிக், கோடையில் கூடுதல் உப்பு ஆகியவை பிள்ளையின் ஆயுளையும் பலத்தையும் கூட்டும். இவை நாள்தோறும், வருடக்கணக்கில் தேவை. ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, ஒருமுறை தரும் பெரிய தொகையைப் போலவே மாதந்தோறும் தவறாமல் வரும் சிறிய காணிக்கையும் அருமையானது.

இன்னும் பெயர் தெரியாத நோயோடு இருமிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும், அவர்களுடைய தாய்மாரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.