‘சட்டம் மாறப்போகுது’: திருகோணமலைக் காணிக் கதைகளும் உண்மைகளும்

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையோரம் காணி தேடுகிற எவர் காதிலும் விழும் பேச்சு இது: “கொழும்பில பெரிய கம்பெனிக்காரர் எல்லாம் அரசாங்கத்தோட பேசி முடிச்சிட்டாங்க. சட்டம் மாறப்போகுது. இப்ப வாங்கிப் போட்டால் இரட்டை லாபம்.” இதை நம்பியே பலர் முற்பணம் கொடுக்கிறார்கள். கொடுக்குமுன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வோம்.

நம்பிக்கை: வெளிநாட்டவர் இங்கே எதையும் வாங்க முடியாது. சட்டம் மாறினால்தான் வழி.

உண்மை: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டவருக்கும் பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பெனிகளுக்கும் காணியை எழுதிக் கொடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். நிபந்தனைகளோடு தொடர்மாடி வீடும் வாங்கலாம். அதற்கு முன்பு, 2004 இலிருந்து, வெளிநாட்டவர் காணியின் பெறுமதிக்குச் சமமான தொகையை, அதாவது 100 வீதத்தை, வரியாகக் கட்டியே வாங்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை: கனடாவில் இருக்கும் மாமா தமிழர்தானே, அவர் பெயரில் எழுதலாம்.

உண்மை: சட்டம் பார்ப்பது குடியுரிமையை மட்டுமே. இலங்கைக் குடியுரிமையை இழந்து கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் மாமா, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் தடையில்லை. நெருங்கிய உறவுக்கு வாரிசுரிமையாலோ மரணசாசனத்தாலோ நன்கொடையாலோ போகும் காணிக்கும் விலக்கு உண்டு.

நம்பிக்கை: ஆதனத் தொழில் சங்கங்கள் கேட்டால் அரசு கொடுத்துவிடும்.

உண்மை: கேட்பது அவர்கள் உரிமை. சிலவேளை கிடைக்கவும் செய்கிறது. வெளிநாட்டவர் நான்காம் மாடிக்குக் கீழே வீடு வாங்கக்கூடாது என்ற தடை 2018 திருத்தத்தில் நீங்கியது. குத்தகை மீதான வரியும் அதற்கு முன்பே நீக்கப்பட்டது. மறுபுறம், தொடர்மாடி வீடுகளுக்கு 2019 ஏப்ரலில் 15 வீத வற் வரி வந்தது. ஆட்சி மாறிய பிறகு அதே வருட இறுதியில் எடுக்கப்பட்டது. இவை பெரும்பாலும் கொழும்புத் தொடர்மாடிகளின் கணக்கு. நிலாவெளித் தென்னந்தோப்பின் உறுதியை இவற்றில் எதுவும் தொடவில்லை.

சங்கம் மனுக் கொடுத்ததாலேயே அது சட்டம் ஆகிவிடாது. சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரவேண்டும். பிறகு நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். அப்போது எந்தக் குடிமகனும் குறித்த நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். “பேசி முடிச்சிட்டாங்க” என்பவரிடம் வர்த்தமானி இலக்கத்தைக் கேளுங்கள்.

நம்பிக்கை: பெர்மிட் காணியும் இனி விற்பனைக் காணி ஆகிவிடும்.

உண்மை: 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எல்லைகள் இருக்கும், நிபந்தனைகள் இருக்கும், பின்னுரித்தாளர் பெயருக்கு ஓர் இடம் இருக்கும். விற்கும் உரிமை இருக்காது. அளிப்புப் பத்திரம் பெற்ற காணியையும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, மாற்றினால் செல்லாது. இப்படிப்பட்ட காணிகளை முழுச் சொந்தமாக்க முயன்ற சட்டமூலத்தை, மாகாண சபைகளின் கருத்தைக் கேட்டே கொண்டுவர வேண்டும் என 2003 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசிடமே என 2013 இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. கருத்துச் சொல்ல வேண்டிய கிழக்கு மாகாண சபையோ 2017 இல் கலைந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. இந்த இழுபறியைத் தீர்ப்பது எந்தச் சங்கத்தாலும் ஆகாது.

நம்பிக்கை: பத்து வருடம் இருந்துவிட்டால் காணி நமக்குத்தான்.

உண்மை: தனியார் காணியில் வழக்காடி அப்படி உரிமை கோரலாம். அரச காணிக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது. சீனக்குடாப் பக்கம் முத்துநகர் விவசாயிகளின் நிலை அதற்குச் சாட்சி. பரம்பரையாகச் செய்த வயல் என்கிறார்கள் அவர்கள். 1984 வர்த்தமானிப்படி துறைமுக அதிகார சபைக்குரியது என்கிறது அரசு. 2025 இல் சூரிய மின்திட்டத்துக்காக அந்த நிலம் எடுக்கப்பட்டபோது வீதிக்கு வந்து போராடினார்கள். சம்பூரில் நடந்தது வேறு. முதலீட்டுக்கென 818 ஏக்கரை ஒதுக்கியது, 2015 இல் ஜனாதிபதியின் வர்த்தமானியால் இரத்தாகி, காணி மக்களிடம் திரும்பியது. திருகோணமலையில் காணியைப் பறித்ததும் திருப்பித் தந்ததும் பெரும்பாலும் வர்த்தமானிதான்.

ஆகவே காணிப் பதிவகத்தில் உறுதியின் பதிவுப் பக்கத்தைப் பாருங்கள். அடைமானம், வழக்குப் பதிவு உண்டா என்று கவனியுங்கள். பிரதேச செயலகத்தில் அது அரச காணியா எனக் கேளுங்கள். “சட்டம் வந்ததும் உறுதி முடிப்போம்” என்று விற்பவர் சொன்னால், முற்பணமும் சட்டம் வந்ததும்தான் என்று சொல்லிவிடுங்கள்.