கல்லாற்றில் லாரி வரவில்லை

கோயம்புத்தூர்
9-10-2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் சொன்னால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா, உங்கம்மா, கூப்பிட்டாள். அவளுக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "என்னமோ ரேஸ் டயர் போடப் போறானாம், நீ கொஞ்சம் பேசுடா" என்றாள், அவ்வளவுதான். ஆனால் குரல் சரியில்லை. அந்தக் குரலை இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், மேட்டுப்பாளையத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில்.

நீ மஸ்டாங் வாங்கியதில் எனக்குக் குறையே இல்லை. பழைய வண்டியானாலும் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறாய். ஐந்து லிட்டர் வி8, நானூறு குதிரைச் சக்தி, 515 நியூட்டன் மீட்டர் டார்க். அத்தனையும் பின்னால் இருக்கிற இரண்டு டயர் வழியாகத்தான் ரோட்டில் இறங்குகிறது. ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் உன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பின் டயருக்குக் கிடைப்பது ஒரே சம்பளம் என்று வைத்துக்கொள். வண்டியைத் தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வளைவில் வெளியே ஓடாமல் பிடித்து வைப்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வளைவின் நடுவில் நீ ஆக்சிலேட்டரை மிதித்தால், தள்ளுகிற செலவிலேயே முழுச் சம்பளமும் போய்விடும். பிடித்து வைக்க மிச்சம் ஏது? வால் சுற்றும். மழை பெய்தால் அந்தச் சம்பளமே குறைந்துவிடும்.

ஆகவே நல்ல கிரிப் உள்ள டயர் வேண்டும் என்று நீ சொல்வது சரி. எந்தக் கிரிப் என்பதில்தான் உனக்கும் எனக்கும் பேச்சு.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் சிநேகிதன் தருகிற செமி ஸ்லிக் டயரில் வெளித்தோளில் பட்டனே இல்லை, தேய்த்துவைத்த கல் மாதிரி இருக்கிறது. நடுவில் இரண்டு பள்ளம் மட்டும் சுற்றி ஓடுகிறது. ஓரத்தில் ரப்பர் சுருண்டு உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கிறது. டிஓடி எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு எண் 1419. அதாவது 2019-ம் வருஷம் 14-வது வாரம் செய்தது. ஐந்து வயது தாண்டிவிட்டது. "இரண்டே இரண்டு ட்ராக் டே ஓடினது" என்கிறாய். இந்த வகை ரப்பர் ஒவ்வொரு முறை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து இதை எடை போட முடியாது.

செமி ஸ்லிக் கெட்ட டயர் என்று நான் சொல்லவே மாட்டேன். செட்டிபாளையம் கரி ட்ராக்கில் வெயில் நாளில் அது பிடிக்கிற பிடியை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு மூன்று சுற்று ஓட்டிச் சூடேற்றிய பிறகுதான் அது தன் வேலையைக் காட்டும். காலை ஐந்தரைக்கு ஓசூர் ரோட்டில் அதை யார் சூடேற்றுவது? இன்னொன்று, அது விடும்போது சொல்லாமல் விடும். சாதாரண டயர் முனகும், வழுக்கப் பார்க்கும், உனக்கு ஒரு கண நேரம் தரும். இது கடைசி வரை பிடித்துவிட்டுச் சட்டென்று கை விடும்.

பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். மிச்செலின் கப் 2-வில் 180, 240 என்று வரும். அதே கம்பெனியின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300. எண் குறையக் குறைய ரப்பர் இளகினது, சீக்கிரம் தேயும் என்று பொதுவாக எடுத்துக்கொள். ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடாதே, அவரவர் போட்டுக்கொள்கிற எண் அது. உங்கள் பசங்கள் கூட்டத்தில் இந்த எண்ணை வைத்துத்தான் கிரிப்பைப் பேசுகிறீர்கள். எத்தனை பேர் மழையில் பேசுகிறீர்கள்? ஐரோப்பிய டயர் லேபிளில் மேகமும் மழையும் போட்ட படம் ஒன்று இருக்கும், பக்கத்தில் ஒரு எழுத்து. அதில் ஏ இருக்கிறதா என்று முதலில் பார். மற்றதெல்லாம் பிறகு.

தண்ணீர் விஷயம் சொல்கிறேன். விமான டயர்களைச் சோதித்து நாசாக்காரர்கள் போட்ட பழைய கணக்கு ஒன்று உண்டு. பட்டனால் தண்ணீரைத் தள்ள முடியாமல் போனால், 32 பவுண்டு காத்து உள்ள டயர் மணிக்கு 95 கிலோமீட்டர் வாக்கில் மிதக்கத் தொடங்கும். காத்து குறைந்தால் இன்னும் முன்னாலேயே மிதக்கும். நீ ட்ராக்குக்காக 26-க்கு இறக்கிவிட்டு, அதே காத்தில் வீட்டுக்கு ஓட்டி வந்தேன் என்று போன மாதம் சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. டயர் அகலமானால் தண்ணீர் வெளியேற வேண்டிய தூரமும் கூடும். பின்னால் 275 இருக்கிற இடத்தில் 305 போடுகிற யோசனையை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். அதுவும் இரண்டே பள்ளம் உள்ள 305.

நீ இங்கே வருகிற வழியில், சேலத்துக்கு இந்தப் பக்கம் ரோடு பரவாயில்லை. தர்மபுரியிலிருந்து இறங்கும்போது தொப்பூர் கணவாய் இருக்கிறதே, சரிவு, வளைவு, முன்னால் பிரேக் சூடேறிய லாரி. ஐப்பசி மழையில் ரோட்டோரத்துத் தண்ணீர் குறுக்கே ஓடும். அந்த இடத்தில் இந்த டயரோடு உன்னை நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இதற்கு மேல் மச்சான், உங்கப்பா, ஒன்று சொன்னாராம். செலவு ஜாஸ்தி என்றால் இப்போதைக்கு முன்னால் இரண்டு மட்டும் புதிதாக மாற்று, ஸ்டியரிங் இருக்கிற பக்கம்தான் பிடிப்பு வேண்டும் என்று. இதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது.

1996-லும் இதையேதான் சொன்னார். வெள்ளைக் கான்டசா. நூறு குதிரைகூட இல்லாத வண்டி, ஆனால் அதுவும் பின் சக்கரம் தள்ளுகிற வண்டிதான். கடையில் புது டயர் இரண்டையும் முன்னால் மாட்டி, தேய்ந்ததைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். எனக்கு அப்போது 22 வயது. குனிந்து, பின் டயர் பள்ளத்தில் விரலை வைத்துக் காட்டினேன். நகம்கூட உள்ளே இறங்கவில்லை. "கடைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா" என்றார். மூன்று வாரம் கழித்து ஊட்டியிலிருந்து இறங்கி வருகிறோம். பர்லியார் தாண்டி, கல்லாறு வரப்போகிறது, பாக்குத் தோப்பு தெரிகிறது. தூறல்தான், பெருமழைகூட இல்லை. வளைவில் மச்சான் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எடை முன்னால் சாய்ந்தது. பின்பக்கம் லேசாகி, வண்டி பம்பரம் மாதிரி திரும்பியது. கைப்பிடிச் சுவரில் பின்கதவு மோதியது. அந்தக் கதவோரம் அக்கா. ஏழு மாதம். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, ஆனால் அவள் தோளைப் பிடிக்கவில்லை, வயிற்றைத்தான் பிடித்திருந்தாள்.

எதிரே லாரி வந்தது, அதற்காக ஒடித்தேன் என்று உங்கப்பா இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறார். நீயும் அப்படித்தான் கேட்டு வளர்ந்திருப்பாய். நான் முன் சீட்டில் இருந்தேன். லாரி வரவில்லை. ரோடு காலியாக இருந்தது.

முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். ஸ்டியரிங்கில் அது கையில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் நமக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடும். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் பின்னால் வாங்கு. இதை எந்தக் கடைக்காரர் மாற்றிச் சொன்னாலும் கேட்காதே. உங்கப்பா சொன்னாலும்தான்.

அந்தக் கான்டசாவின் பின் டயர் ஒன்று இன்னும் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. நீ உட்கார்ந்து ஊஞ்சல் ஆடினது அதில்தான். கயிறு அறுந்த பிறகும் நான் தூக்கிப் போடவில்லை.

முடிவு உன்னுடையதுதான். சம்பாதிக்கிறாய், வண்டி உன் பேரில் இருக்கிறது. ட்ராக் ஆசை விடவில்லை என்றால் தனியாக நாலு ரிம் வாங்கி, அதில் புது செமி ஸ்லிக் மாட்டி வைத்துக்கொள். ட்ராக்குக்குப் போய் மாட்டு, முடிந்ததும் கழற்று. ரோட்டுக்கு 4எஸ் மாதிரி ஒன்று, நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். முன்னால் 255, பின்னால் 275, கம்பெனி கொடுத்த அளவே போதும். காத்தை வண்டி ஆறியிருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவுக்குப் பிடி. மழையில் வண்டியின் மழை மோடைப் போடு. ஈஎஸ்சி இருக்கிறதே என்று சொல்லாதே. அது பவரைக் குறைக்கும், பிரேக் பிடிக்கும், இரண்டையும் டயரில் இருக்கிற பிடிப்பை வைத்துத்தான் செய்ய முடியும்.

நிறையச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு. உன் வயசுப் பையன்களில் உன்னைப்போல் பொறுப்பாக ஓட்டுகிறவன் எங்கள் சொந்தத்தில் ஒருவனும் இல்லை, இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஏழு வயதில் என் பட்டறையில் பழைய வால்வுகளை அளவு வாரியாக அடுக்கி வைத்த பையன் நீ. உன் கையில் அந்த வண்டி அழகாகத்தான் இருக்கிறது. மச்சானைப் பற்றி எழுதியதையும் மனதில் வைக்காதே. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க அவர் உட்காரவே இல்லை, அதுவும் உண்மை. அத்தை உனக்குப் பிடிக்கும் என்று தீபாவளிக்குக் கச்சாயம் சுடுவதைப் பற்றி இப்போதே பேசிக்கொண்டிருக்கிறாள்.

பின் டயர் இரண்டுக்கும் பணம் நான் போடுகிறேன். இதில் பேச்சே கிடையாது, அக்காவிடமும் சொல்லாதே. ஆர்டர் போட்டதும் எனக்குத் தயாரிப்பு வாரத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு.

இப்போது வண்டியில் ஓடுகிற பின் டயரில் பட்டன் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கிறது, போன முறை நானே அளந்தேன். 30-ம் தேதிக்குள் புது டயர் மாறவில்லை என்றால் தீபாவளிக்கு ரயிலில் வா. எத்தனை மணிக்கு வந்தாலும் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்
மாமா